அக்காவுக்குக் குளிர்த்தி

அக்கா உறங்குகிறாளா, விழித்திருக்கிறாளா என்பதை அவளுடைய கண்ணைப் பார்த்து அறிய முடியாது. மூச்சைக் கேட்க வேண்டும். அன்று நடுப்பகலில் பாயில் மல்லாந்து கிடந்தாள். இமைகள் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தன. கருவிழி மேலே ஏறிப்போய், வெள்ளை மட்டும் பிறைபோலத் தெரிந்தது. ஓர் ஈ வந்து அவளுடைய இமை மயிரில் குந்தி ஆறுதலாகக் கால்களைத் துடைத்துக்கொண்டது. அவள் அசையவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் குனிந்து அவளுடைய மூக்கருகே காதை வைப்பேன். பிறகு மெல்லிய குறட்டை கேட்கும், எனக்கு உயிர் திரும்பும். சீலைத்துண்டை நனைத்துப் பிழிந்து கண்களின் மேல் போட்டேன். அது காய்வதற்குள் மீனைக் கழுவி, கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். உள்ளே எரிகிறது என்று அவள் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் என் உத்தியோகம்.

வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் வழக்கம்போலப் பெண்கள் இருந்தார்கள். சிலர் வாவிக்கு அந்தப் பக்கமிருந்து விடியத் தோணி ஏறி வந்தவர்கள். எல்லோருடைய மடியிலும் பொலித்தீன் பைக்குள் ஒரு படம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஆச்சிப்பிள்ளை கிடுகு வேலியின் இடுக்கில் முகத்தை வைத்திருந்தாள். மாடு மேய்க்க வெட்டைக்குப் போன மகன் சாமித்தம்பியை மாட்டோடு சேர்த்துத் தொலைத்தவள். மாடுகள் மட்டும் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டன.

"அம்மாள் எழும்பிட்டாவா கா?"

"அம்மாள் இல்ல. என்ட அக்கா. நித்திர கொள்ளுறா."

"கண் துறந்துதானே கிடக்கு, நான் பாத்தன்."

"அது அப்பிடித்தான் கிடக்கும். வேலிய விட்டு அங்கால போங்க."

அவள் போகவில்லை. "நித்திரையில்லாத தெய்வம்," என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிக் கும்பிட்டாள். எனக்கு வந்த எரிச்சலில் மீன் செதிள் எல்லாம் வேலிப்பக்கம் பறந்தது.

என் அக்கா சீதேவிப்பிள்ளையைப் பெரியகல்லாறு தொடங்கி வாகரை வரைக்கும் தெரியாத ஆள் இல்லை என்று சொன்னால், அது தங்கச்சி அவிழ்த்துவிடும் புளுகு இல்லை. ஒரு காலத்தில் அவள் பாட்டுக் கோஷ்டியில் பாடினாள். கோவில் திருவிழாவென்றால் நோட்டீசில் அவளுடைய பெயர்தான் பெரிய எழுத்து. நீலச்சேலை கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் சரிந்து நின்று அவள் சிரித்தால், முன்வரிசைப் பொடியன்கள் செருப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கண்ணுக்கு மை பூசாமல் கிணற்றடிக்குக்கூடப் போக மாட்டாள். "உன்ட கண்ண யாரு கா கிணத்துக்குள்ள இருந்து பாக்கப் போறா?" என்று நான் கேலி செய்வேன். "தவளையும் ரசிகன்தான்," என்பாள்.

பிறகு இரண்டு ஆளின் சோற்றைத் தின்றுகொண்டே மெலியத் தொடங்கினாள். மார்கழிக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. விடிய ஒருதரம், மத்தியானம் ஒருதரம், விளக்கு வைக்கும்போது ஒருதரம் என்று வாவியில் போய்க் கழுத்தளவுக்கு இருந்தாள். மைக் பிடித்த கை நடுங்கியது. கண் பெரிதானபோது நாங்கள் அழகு கூடுகிறது என்றே நினைத்தோம். எங்கள் மூளை அப்படி. கொஞ்ச நாளில் அது அழகைத் தாண்டிப் போனது. கருவிழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை தெரிந்தது. அவள் சும்மா உப்பு எங்கே என்று கேட்டாலும், ஏதோ பயங்கரத்தைக் கண்டுவிட்டவள் கேட்பதுபோல் இருந்தது.

வாகரைத் திருவிழாவில்தான் அது நடந்தது. அம்மன் பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோனது. யாரோ பெற்றோல்மக்ஸைக் கொண்டுவந்து மேடையில் அவளுடைய காலடியில் வைத்தார்கள். கீழிருந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. மைக் இல்லை, மேளம் இல்லை. அவள் மூச்சு வாங்கியபடி பாட்டை நிறுத்திவிட்டு சனத்தைப் பார்த்தாள். இமைக்கவில்லை. ஒரு திருவிழாச் சனம் அப்படி வாயடைத்துப் போனதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கச்சான்கொட்டைக்காரி சட்டியில் கடலை வறுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். "அம்மாள் பாக்கிறா!" என்று ஒருத்தி கத்தி மணலில் விழுந்தாள்.

அதோடு சினிமாப் பாட்டுக் கேட்பவர்கள் இல்லாமல் போனார்கள். கைதட்டல் நின்றது. அவளை மேடையில் ஏற்றாமல் வேப்பிலை பரப்பிய பலகையில் இருத்தினார்கள். பாட்டும் தேவையில்லை, பார்த்தால் போதும் என்றார்கள். மேளக்காரரும் ஓகன் வாசிப்பவரும் ஒருவர் பின் ஒருவராக வேறு கோஷ்டிக்குப் போனார்கள். அவளுக்கும் பாட மூச்சு இருக்கவில்லை. முன்பைவிட நூறு மடங்கு பெரிய பெயர் எடுத்தாள். பாட்டுக்காரியாக அல்ல.

பெயரைவிட வேகமாகப் போனது படம். அதன் கதை சிரிப்புக்குரியது. அவளுடைய அடையாள அட்டையில் பழைய முகம் இருந்தது, மை பூசிய கிறங்கல் கண்ணோடு. சோதனைச் சாவடியில் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, இது வேறு ஆள் என்று அரை நாள் நிறுத்திவைத்தார்கள். புது அட்டைக்குப் படமெடுக்கக் காத்தான்குடி அப்துல் மஜீத் நானாவின் ஸ்ரூடியோவுக்குப் போனோம்.

"கண்ணப் பென்சிலால கொஞ்சம் தொட்டுத் திருத்தட்டா மகள்?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஓம் நானா, திருத்துங்க," என்றாள் அக்கா, ஆசையோடு.

"திருத்தாதீங்க நானா," என்றேன் நான். "மறுகாவும் ஆள் வேற எண்டு பிடிப்பானுகள்."

திருத்தாத படத்தில் ஒன்றை அவர் கண்ணாடி அலுமாரியில் மாட்டியிருந்தார். சந்தைக்கு வந்த எங்கள் பக்கத்துச் சனம் கண்டுவிட்டு, அந்த அம்மாள் படம் எங்களுக்கும் வேண்டும் என்று வாசலில் நின்றது. அவர் சைக்கிளில் வந்து அக்காவிடம் கேட்டார். "இது எங்கட மார்க்கத்துக்கு ஒத்துவராத வேல. நீங்க ஒண்ணா, குடுக்காதீங்க எண்டு சொன்னா நெகட்டிவ்வ வெட்டிப் போட்டிருவன்." அக்கா சிரித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னாள். எடுபடாத முகத்தை யாராவது ஆசைப்பட்டுக் கேட்டார்களே என்ற சந்தோஷம் அவளுக்கு. அப்படித்தான், வெறும் வெள்ளைச் சீலைக்கு முன்னால் காது இரண்டும் தெரிய எடுத்த அடையாள அட்டைப் படம் சட்டத்துக்குள் போய், குங்குமம் வாங்கி, வீட்டு வாசல்களில் ஏறியது. சுற்றிவளைப்பில் வீடு புகுந்த சிப்பாய் ஒருவன் அந்தப் படத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியேறினானாம். சாவடியில் ஒருவன் அக்காவின் புது அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்து, "பத்தினி அம்மா" என்று முணுமுணுத்ததை நானே கண்டேன். அவர்களும் எங்கள் அம்மனைப் பத்தினி என்று கும்பிடுபவர்கள்தானே. அந்தக் கரையில் இயக்கப் பொடியன்களும் அவளைக் கண்டால் துவக்கைத் தாழ்த்துவார்கள். அந்த வருடங்களில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் அக்காவின் கண்தான்.

படம் பிடித்துக்கொண்டு பெண்கள் வரத் தொடங்கியதற்கு ஆச்சிப்பிள்ளைதான் காரணம். ஒருநாள் வாசலில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் சாமித்தம்பியின் படத்தை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாவியிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டால் அந்தக் கண்களில் நீர் கொட்டும், மூடாத கண் வேறு என்ன செய்யும். கன்னத்தில் இரண்டு கோடாக வழிந்தது.

"அழுறா!" என்று ஆச்சிப்பிள்ளை அலறினாள். "என்ட புள்ள உசிரோட இரிக்கான்! எங்கயோ கிடந்து வேகிறான், அதுதான் அம்மாள் அழுறா! செத்திருந்தா அவன் குளிர்ந்திருப்பானே, குளிர்ந்தவனுக்கு ஏன் அழப்போறா?"

அந்தக் கணக்கை அவள்தான் போட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வருகிறார்கள். வாவிக்கரையில் காற்றில்லாத நாள் குறைவு. ஆகவே எல்லோருக்கும் கண்ணீர் கிடைத்தது, எல்லோருடைய பிள்ளையும் உயிரோடு இருந்தான். மாங்கேணிக்காரி ஒருத்தியின் மகன் உண்மையாகவே ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு யாரை என்ன சொல்லி நிறுத்துவது? வராதவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

என் புருஷன் தங்கராசாவையும் தோணி கட்டும் துறையடியில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். யார் கொண்டுபோனது என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டியது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டியது. அவருடைய சின்னப் படம் ஒன்று என் சட்டைக்குள் எப்போதும் இருக்கும். வேர்வையில் ஒரு மூலை வெளுத்துப்போயிருந்தது. அதை நான் ஒருநாளும் அக்காவுக்கு முன்னால் எடுத்ததில்லை. எனக்கு அழுகையும் வருவதில்லை. துறையடியிலேயே அது நின்றுவிட்டது.

பங்குனி மாதம் அக்கா கிணற்றடியில் விழுந்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கோழியைப் பிடித்துக் கட்டிப்போட்டதுபோல் அடித்துக்கொண்டது. பட்டணத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா கழுத்தைத் தடவி, கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்து, கண்ணைப் பார்த்து, ஒரு தரமும் கும்பிடாமல், "எவ்வளவு காலமா இப்பிடி விட்டனீங்கள்?" என்று ஏசினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

"இது கழுத்துச் சுரப்பி வருத்தம். வெளியில இருந்து கிருமி ஒண்டும் வரேல்லை. உடம்பு தன்ர சுரப்பியையே பிழையா விளங்கிக்கொண்டு தாக்குது. கண்ணுக்குப் பின்னால இருக்கிற தசையையும் அப்பிடித்தான்."

"காவலுக்கு நிண்டவனே வீட்டுக்குள்ள பூந்து அடிக்கிற மாதிரியா டொக்டர்?" என்றேன்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெல்லக் கதையுங்கோ," என்றார். பிறகு, "ஓம். அப்பிடித்தான்."

குளிசை தந்தார். நாள் தவறாமல் போட வேண்டும், விட்டால் நெஞ்சு ஓடி ஓடி ஒருநாள் நின்றுவிடும் என்றார். போட்டால் சூடு தணியும், நடுக்கம் போகும், கண்ணீர் வடிவது குறையும், இமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

"நித்திர?" என்று கேட்டாள் அக்கா.

"நல்லா வரும்."

திரும்பி வரும்போது தோணியில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "கண்ண மூடிக்கிட்டு ஒருக்காப் படுத்தாப் போதும் இரத்தினம்," என்றாள். "உள்ளுக்கு இருட்டு எப்பிடி இரிக்கும் எண்டே மறந்துபோச்சி."

குளிசை வேலை செய்தது. முதலில் வாவிக்குப் போவதை விட்டாள். ஒரு விடியற்காலையில், "இரத்தினம், குளிருது, போத்திக்க ஏதும் தா," என்றாள். பெட்டிக்குள் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் வருவதற்குள் உறங்கிவிட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. ஒரு நூலளவு இடைவெளி இருந்திருக்கலாம், ஆனால் மூடியிருந்தது. அந்த இமைகளை நான் மறந்தே போயிருந்தேன். நீல நரம்பு ஓடும் மெல்லிய தோல். நீலச்சேலை கட்டிய என் அக்கா அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தாள். அன்று உலையில் அரிசி போட மறந்து தண்ணீர் வற்றும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அந்தப் பெண் வந்தாள். பெயர் சொல்லவில்லை, வாகரைப் பக்கம் என்றாள். வயது அதிகமில்லை. நெற்றியில் பெரிய பொட்டு. புருஷனின் படத்தை நீட்டினாள். பூவரச மரத்தடியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காற்று இருந்தது, கொடியில் சேலைகள் அடித்துக்கொண்டன. அக்காவின் கண் உலர்ந்து கிடந்தது. அவள் நீட்டியபடி நின்றாள். கை உளைந்திருக்கும், மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். வெயில் முற்றத்தைத் தாண்டி வேலிக்குப் போனது.

"குளிர்ந்திட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள," என்றாள் அக்கா. படம் கொண்டுவந்த ஒருத்தியிடம் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு வருத்தம். இப்ப மருந்து குடிக்கன். அதாலதான்..."

அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்கவில்லை. படத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்தாள். புறங்கையால் நெற்றியை ஒரு இழுப்பு இழுத்தாள். பொட்டு காதுவரை தீற்றிக்கொண்டு போனது. அப்படியே துறையடிக்கு நடந்தாள். அவள் வெள்ளை உடுத்துச் செத்தவீட்டுக் காரியமெல்லாம் செய்து முடித்தாள் என்று பிறகு தோணிக்காரன் வந்து சொன்னான். உடம்பில்லாத செத்தவீடு.

அன்றைக்கே அக்கா குளிசைப் பையை என் மடியில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணா."

"விசரா உனக்கு? விட்டா நெஞ்சு நிண்டுரும் எண்டு டொக்டர் சொன்னாவல்லவா?"

"நான் கண்ண மூடினா அதுகள்ற ஆக்கள் சாகுது."

"உன்ட கண்ணுக்கு என்ன தெரியும்?" நான் கத்தினேன். "காத்துக்கு வாற தண்ணி! எவன் இரிக்கான், எவன் செத்தான் எண்டு அதுக்கு என்ன தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். குளிசையால் கொஞ்சம் உள்ளே போயிருந்த கண்தான், ஆனாலும் நான் பார்வையை மீன் சட்டிக்கு மாற்றினேன்.

"அப்ப ஏன் நீ தங்கராசாட படத்த எனக்குக் காட்டயில்ல?"

நான் மீன் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கழுவிய சட்டியையே மறுபடி கழுவினேன்.

சில நாட்களில் அவளுக்கு மறுபடியும் வேர்க்கத் தொடங்கியது. உறக்கத்தில் இமை நடுவழியில் நின்றது. இனி ஒருதரம் விழுந்தால் எழும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கோவிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் வினாயகமூர்த்தியிடம் போனேன். எங்கள் ஊர் அம்மன் கோவில் கதவு வருடத்துக்கு ஒருதரம் வைகாசியில்தான் திறபடும். ஊரை எரித்துவிட்டு வந்த அம்மன் அந்தச் சூட்டோடு உள்ளே இருக்கிறாள். கடைசி நாளில் வேப்பிலைத் தண்ணீர் தெளித்து, பாட்டுப் படித்து, அவளைக் குளிரப் பண்ணுவதுதான் குளிர்த்தி. குளிர்ந்ததும் கதவை அடைத்துவிடுவார்கள். அடுத்த வைகாசி வரை அந்தப் பக்கம் நின்று யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. அம்மன் உறங்குகிறாள்.

"உள்ள இரிக்கிற அம்மாளுக்கே நித்திர குடுக்கிறீங்க," என்றேன். "வருசம் முழுக்கக் கதவத் துறந்து போட்டா அது கோயிலா? என்ட அக்காவுக்கும் குளிர்த்தி வையுங்க. ஊருக்கு முன்னால வையுங்க. கதவ அடைங்க."

அவர் வெற்றிலையை மென்றபடி வாசலைப் பார்த்தார். அவருடைய வாசலிலும் அந்தப் படம் தொங்கியது. இவள் கண்ணை மூடினால் சிப்பாய்மார் எதற்குப் பயப்படுவார்கள் என்று அவர் யோசித்திருப்பார். நானும் யோசித்தேன்தான்.

"அடைச்சா அடைச்சதுதான் புள்ள," என்றார் கடைசியில். "மறுகா ஒருத்தரும் படத்தக் கொண்டு வர ஒண்ணா. அவ அழுதா, அழயில்ல எண்டு பறைய ஒண்ணா."

"அதத்தான் நானும் கேக்கிறன்."

அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். குளிசையை வைத்தேன்.

வழமையாகக் குளிர்த்தி இரவில் நடப்பது. அந்த வருடம் பொழுதுபட்டபின் வெளிச்சம் கூடாது என்று இராணுவ முகாமிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே பட்டப்பகலில் நடந்தது. மறைக்க இருட்டில்லை, எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே அம்மனுக்கு முடிந்ததும், வாசற்படிக்கு நேரே பலகை போட்டு அக்காவை இருத்தினார்கள். நீலச்சேலைதான் கட்டுவேன் என்று பிடிவாதமாக அதையே கட்டியிருந்தாள். மையும் பூசியிருந்தாள். வண்ணக்கர் வேப்பிலைக் கொத்தைக் குடத்தில் தோய்த்து அவளுடைய தலையில் தெளித்தார். பெண்கள் குரவை போட்டார்கள். தண்ணீர் நெற்றியால் வழிந்தது. நான் அவளுடைய கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. இமை தாழ்ந்து வந்தது. முடிந்தது, இனி இவள் என் அக்கா மட்டும்தான் என்று நினைத்தேன்.

அப்போது குரவை நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் யாரையும் பார்க்காமல், மணலில் வரிசையாக நின்ற பெண்கள் படங்களை உயர்த்தினார்கள். கதவு அடைபடப்போகிறது அல்லவா. கடைசித் தடவை. பள்ளிக்கூடச் சட்டை போட்ட முகங்கள், கலியாண மாலையோடு முகங்கள், கூட்டமாக எடுத்த படத்திலிருந்து வெட்டியதில் பக்கத்து ஆளின் கை தோளில் மிஞ்சிய முகங்கள். வெயிலில் அந்தப் பொலித்தீன்கள் ஒரே நேரம் பளிச்சிட்டன. வேப்ப மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. காற்றே இல்லை.

மூடு என்று நான் அக்காவுக்குத் தலையை ஆட்டினேன். அவள் மூடவில்லை. வலது கை ஓரத்தில் நின்ற முதல் பெண்ணிடமிருந்து தொடங்கினாள். கண் உலர்ந்துதான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் சாம்பலாவதைக் கண்டேன். பிறகு அக்காவின் வாய் கோணியது. மூக்கு விடைத்தது. எங்கள் அம்மா செத்த அன்று அழுததுபோல, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதாள். மை கரைந்து ஓடியது. இது காற்றுக்கு வரும் தண்ணீர் இல்லை. இது அவளுடையது. ஒவ்வொரு படமாகப் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் அழுதாள், அடுத்ததற்குப் போனாள். ஓர் ஆளையும் விடவில்லை. தாண்டிய இடமெல்லாம் படங்கள் மெல்ல இறங்கின.

என் கை உயர்ந்து நிற்பதை நான் அப்போதுதான் கண்டேன். எப்போது சட்டைக்குள் போனது, எப்போது எடுத்தது என்று தெரியாது. வெளுத்த மூலையோடு தங்கராசா என் விரல்களுக்கிடையில் இருந்தார். நானும் வரிசையில்தான் நின்றேன். எனக்கு அப்பால் ஆச்சிப்பிள்ளை.

வா, என்று மனதுக்குள் சொன்னேன். அது தண்ணீர், அதற்கு ஒன்றும் தெரியாது, டொக்டர் சொன்னார், நானே சொன்னேன். பரவாயில்லை. எனக்கும் தா.

அக்காவின் பார்வை எனக்கு முன்னால் நின்றவளை விட்டு என்னிடம் வந்தது. படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்குவது நின்றது. இமைகள் இறங்கின. நடுவழியில் நிற்காமல், நூலளவும் மிச்சமில்லாமல், இரண்டும் மூடின.

"அம்மாள் குளிர்ந்தா!" என்று வண்ணக்கர் கூவினார். குரவை வானத்துக்கு எழுந்தது. உள்ளே கோவில் கதவின் இரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று முட்டி, தாழ் விழும் சத்தம் கேட்டது. சனம் கும்பிட்டது, அழுதது, சிரித்தது. நீலச்சேலையில் அக்கா அத்தனை சத்தத்துக்கும் நடுவில் உறங்குபவள்போல இருந்தாள்.

நான் கையை இறக்கவில்லை. இறக்க வரவில்லை. படம் நடுங்கியது, என் கைதான் நடுங்கியது, மற்றக் கையால் பிடித்தும் நிற்கவில்லை. அந்த இமைகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இமைத்தால் எதையோ தவறவிட்டுவிடுவேன் போல இருந்தது. உடம்பெல்லாம் கொதித்தது. துறையடியில் நின்றுபோனது எப்போது திரும்பி வந்ததோ தெரியாது, கன்னத்தில் இறங்கி நாடியால் சொட்டியது.

பக்கத்தில் சேலை உரசும் சத்தம் கேட்டது. ஆச்சிப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். மறுபடி கண்ணைப் பார்த்தாள். பிறகு ஓர் அடி பின்னால் வைத்து, சாமித்தம்பியின் படத்தை மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.